எந்த வண்டி, எந்த ஊர், எந்த வழி? நீலகிரி மழைக்கால அவசர வண்டிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி ஜீப் ஸ்டாண்ட், ஆரம்ப சுகாதார நிலைய வாசல், ஊர்க் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். ரோடு அடைபடும் மழை நாட்களில் மருந்து, பால் பவுடர், அரிசி, ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு, எது எங்கே எந்த வரிசையில் போக வேண்டும் என்று நாங்கள் சிலர் லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

இது கூகுள் மேப் பண்ற வேலைதானே? இதுக்கு எதுக்குத் தனியா ஒரு லேப்டாப்?

கூகுள் மேப் ஒரு வண்டிக்கு வழி சொல்லும். எங்கள் வேலை அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. கையில் மூன்று ஜீப், ஒரு பிக்கப். போக வேண்டியது பதினாறு ஊர். எந்த ஊர்ச் சாமான் எந்த வண்டியில் ஏறும்? ஐஸ் பெட்டியில் இருக்கும் இன்சுலினுக்கு நேரக் கெடு உண்டு. ஒரு ஊர்ச் சிறுபாலத்தில் பிக்கப் ஏறாது. ஒரு டிரைவர் விடியற்காலை நாலு மணியிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கு இன்னொரு மலைப்பாதை கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து முடிவெடுக்க உதவுவதுதான் இந்தக் கணக்கு. வழி கண்டுபிடிப்பது அதில் ஒரு துண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 108 ஆம்புலன்ஸ் எங்கள் கையில் இல்லை. உயிர் போகிற அவசரம் என்றால் 108-க்குத்தான் போன் போட வேண்டும். எங்களைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஆம்புலன்ஸ் பற்றிக் கீழே எழுதியிருப்பது, அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று பலரும் கேட்டதால்.

உள்ளே என்னதான் நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

கம்ப்யூட்டருக்கு மலையும் தெரியாது, தேயிலைத் தோட்டமும் தெரியாது. அதற்குத் தெரிவது புள்ளிகளும் கோடுகளும்தான். ரோடு பிரியும் ஒவ்வொரு முக்கும் ஒரு புள்ளி. இரண்டு முக்குக்கு நடுவில் உள்ள ரோடு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண் இருக்கும், அது பெரும்பாலும் அதைக் கடக்க ஆகும் நிமிடம்.

ஊரில் துக்கச் செய்தி எப்படிப் பரவும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் பக்கத்து ஊருக்குப் போகும், அங்கிருந்து அடுத்த ஊருக்கு. ஒரே ஊருக்கு நாலு பக்கமிருந்தும் ஆள் வந்து சொல்லலாம், ஆனால் முதலில் வந்து சேர்ந்தவர் வந்த வழிதான் சீக்கிர வழி. கணக்கும் இதுதான். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் இதை யோசித்தாராம். அச்சில் வந்தது 1959-ல். உங்கள் போனில் வழி காட்டும் எல்லா மென்பொருளுக்கும் இதுவோ இதன் வாரிசோதான் அடிப்படை.

நாலஞ்சு ஊருக்கு மருந்து குடுக்க இவ்வளவு கணக்கா? டிரைவரே போட்டுட்டுப் போயிருவாரே.

நாலஞ்சு ஊர் என்றால் டிரைவரே போதும். உண்மையிலேயே போதும், நாங்களும் லேப்டாப்பைத் திறப்பதில்லை. பத்து ஊர் ஆனால், எந்த வரிசையில் போவது என்பதற்கே 36,28,800 விதம் இருக்கிறது. பதினைந்து ஊர் ஆனால் அது 1.3 லட்சம் கோடியைத் தாண்டும். இதில் வண்டியும் நாலு என்றால் எண்ணவே வேண்டாம். கம்ப்யூட்டரும் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஓரளவு நல்ல வரிசையில் தொடங்கி அதைத் திருத்திக்கொண்டே போகும்.

டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு பேர் 1959-ல் பெட்ரோல் லாரிகளை பங்க்குகளுக்கு அனுப்பும் கணக்காக இதை முதலில் எழுதினார்கள். 1964-ல் கிளார்க், ரைட் என்ற இருவர் சொன்ன வழி இன்னும் எளிது, டீக்கடைப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஊர் ஸ்டாண்டிலிருந்து 12 கி.மீ., இன்னொன்று 14 கி.மீ., இரண்டுக்கும் நடுவே 5 கி.மீ. என்று வையுங்கள். தனித்தனியாகப் போய் வந்தால் 52 கி.மீ. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் 31. மிச்சம் 21. எந்த ஜோடியைச் சேர்த்தால் அதிகம் மிச்சமோ அதை முதலில் சேர், வண்டி நிறையும் வரை சேர்த்துக்கொண்டே போ. அவ்வளவுதான். அறுபது வருஷம் ஆகியும் பல மென்பொருள்கள் முதல் வரிசையை இப்படித்தான் போடுகின்றன.

கிலோமீட்டர் கம்மியா இருக்கிற வழிதானே நல்ல வழி?

சமவெளியில் ஓரளவுக்குச் சரி. இங்கே இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி சுமார் 30 கி.மீ., கூடலூர் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அதுவும் செங்குத்து இறக்கம். பிரேக் சூடாகி விழுந்த வெளியூர் வண்டிகளால்தான் அந்த வழியில் இறங்க டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்று கட்டுப்பாடே வந்தது. சிலிண்டர் ஏற்றிய பிக்கப்பை அந்தப் பக்கம் இறக்குவீர்களா? நான் இறக்க மாட்டேன். எங்கள் கணக்கில் அந்தக் கோடு பாரம் ஏற்றிய வண்டிக்கு மூடியே இருக்கும்.

இன்னொரு சங்கதி: ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே நிமிடம் போடக் கூடாது. வெளியூரில் எழுதின மென்பொருள், நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தால் அம்பது, அறுபது கி.மீ. வேகம் போட்டுக்கொள்ளும். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும் லோடு வண்டிக்கு அந்த வேகத்தை யார் கொடுப்பது? நாங்கள் காட் ரோடு (மலை ஏறும் ரோடு) முழுவதற்கும் வேகத்தைக் கையால் திருத்தினோம். ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் "வெறும் வண்டிக்கு எத்தனை நிமிஷம், லோடு ஏத்தினா எத்தனை, மூடுபனியில எத்தனை" என்று கேட்டு எழுதியது. டிரைவர்கள் சொன்ன நேரங்கள் ஒன்றுக்கொன்று ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல் வேறுபடவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நேர்கோட்டுத் தூரத்தை நம்பினால் இன்னும் மோசம். கொடநாடு காட்சிமுனையில் நின்றால் தெங்குமரஹாடா கீழே கையெட்டும் தூரத்தில் தெரியும். கோத்தகிரி வட்டத்து ஊர்தான். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் போய், காட்டு வழியில் போய், மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் அந்தப் பரிசலும் ஒரு கோடு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்தக் கோட்டை எடுத்துவிடுவோம்.

ஆம்புலன்ஸுக்கும் சாமான் வண்டிக்கும் ஒரே கணக்கா?

இல்லை. சாமான் வண்டிக்கு எங்கே போக வேண்டும் என்பது காலையிலேயே தெரியும். ஆம்புலன்ஸுக்கு அடுத்த அழைப்பு எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே கேள்வி இரண்டு: அழைப்பு வந்ததும் எதை அனுப்புவது, அழைப்பு வராத நேரத்தில் வண்டிகளை எங்கே நிறுத்தி வைப்பது.

இரண்டாவதுதான் கடினம். எல்லா ஊரையும் குறித்த நேரத்துக்குள் எட்ட எத்தனை வண்டி வேண்டும் என்று 1971-ல் ஒரு கணக்கு வந்தது. கையில் அத்தனை வண்டி இல்லையே, இருப்பதை வைத்து அதிகம் பேரை எட்டுவது எப்படி என்று 1974-ல் சர்ச், ரெவெல் இருவரும் மாற்றி எழுதினார்கள். நிறுத்தி வைத்த வண்டி வேறு வேலையாகப் போயிருந்தால் என்ன ஆகும் என்பதை 1983-ல் டாஸ்கின் சேர்த்தார். ஒரு ஆம்புலன்ஸ் ஊட்டியிலிருந்து நோயாளியைக் கோவைக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அரை நாளுக்கு மேல் ஆகும் நம் ஊருக்கு, அந்தக் கடைசிச் சேர்க்கை ரொம்ப முக்கியம்.

பக்கத்துல நிக்கிற வண்டியை விட்டுட்டு ஏன் தூரத்து வண்டியை அனுப்பறீங்க? போன மாசம் எங்க கண்ணு முன்னாடியே ஜீப் சும்மா நின்னுச்சு.

கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஜீப் சும்மா நிற்கவில்லை. அது நின்ற இடத்துக்குக் கீழே பதினோரு குடியிருப்புக்கு அந்த ஒரே வண்டிதான். உங்கள் ஊருக்குப் போக வேண்டியது நாலு மூட்டை அரிசி, மாலைக்குள் வந்தால் போதும். அதற்கு அந்த வண்டியை அனுப்பிவிட்டு, அரை மணியில் கீழே ஒரு பிரசவ வலி வந்து 108 வண்டி ரோடு அடைப்பில் மாட்டிக்கொண்டால், நாங்கள் யார் முகத்தில் விழிப்பது?

அதற்காக இதை எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்லக் கூடாது. பாம்புக்கடி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு போன்றவற்றுக்குப் பக்கத்து வண்டிதான், வேறு பேச்சே இல்லை. காத்திருக்கக் கூடிய வேலைக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் "இந்த வண்டியை எடுத்தால் பின்னால் எவ்வளவு இடம் காலியாகும்" என்று பார்க்கும்.

எங்க ஊருக்கு மட்டும் எப்பவுமே கடைசியாத்தான் வருது. கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்குமா?

கம்ப்யூட்டர் பார்க்காது. நாங்கள் பார்த்தோம், தெரியாமலே.

ஒரு ஜீப்பை டவுனில் நிறுத்தினால், பத்து அழைப்பில் எட்டுக்கு 20 நிமிடத்தில் போய்விடலாம், மீதி இரண்டுக்கு 90 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். சராசரி 34 நிமிடம். அதையே பாதி வழியில் நிறுத்தினால் எல்லோருக்கும் 45 நிமிடம். சராசரி 45. "சராசரி நேரத்தைக் குறை" என்று சொன்னால் கம்ப்யூட்டர் டவுனைத்தான் காட்டும். "யாரும் அதிகம் காத்திருக்கக் கூடாது" என்று சொன்னால் பாதி வழியைக் காட்டும். இரண்டுமே கணக்குப்படி சரி. எதைக் கேட்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்.

முதல் மழையில் நாங்கள் யோசிக்காமல் சராசரியைக் கேட்டுவிட்டோம். ஓரத்தில் இருந்த பழங்குடிக் குடியிருப்புகளும் எஸ்டேட் லயன்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒவ்வொரு நாளும் கடைசி. ஒரு பாட்டி "நாங்க மேப்புல இருக்கோமா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது இரண்டு விதி சேர்த்திருக்கிறோம்: எந்த ஊரும் ஒரு கெடுவுக்கு மேல் காத்திருக்கக் கூடாது, நேற்று கடைசியாக இருந்த ஊர் இன்று கடைசியாக வரக் கூடாது. இதனால் மொத்தக் கிலோமீட்டர் கூடுகிறது. டீசல் போடுகிறவர் முனகுகிறார். முனகட்டும்.

சிலிண்டர் நடுவழியில தீர்ந்துருமான்னு அது பார்க்குமா?

பார்க்கும், அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால். சின்ன பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம் வரும், 5 லிட்டர் போனால் 300 நிமிடம். ஊட்டியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் 180 நிமிடம். அப்போது 10 லிட்டர் தேவைப்படும் ஆளுக்கு ஒரு சிலிண்டர் போதாது, இரண்டாவது ஏற்ற வேண்டும் அல்லது வழியில் மாற்ற இடம் வேண்டும். பெரிய டி டைப் என்றால் 7,000 லிட்டர், கவலை இல்லை, ஆனால் அதை ஜீப்பில் ஏற்றிக் கட்டுவது வேறு வேலை. எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் சொல்வார், நாங்கள் நேரத்தை மட்டும் சொல்வோம். கணக்கில் எப்போதும் பாதி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் மரம் விழுவதற்கு முன் சொல்லிவிட்டு விழாது.

மண் சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சுன்னா கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. யாராவது போன் செய்து சொல்ல வேண்டும். பால் வண்டிக்காரர், பஸ் கண்டக்டர், ரோட்டோரக் கடைக்காரர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். சொன்னதும் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் சில நொடியில் புது வழி வந்துவிடும். ஜேசிபி வந்து ஒரு பக்கம் திறந்தால், அரை வேகத்தோடு கோட்டைத் திரும்பப் போடுவோம். கூகுள் மேப் போன்றவை அங்கே ஓடும் போன்களின் வேகத்தைப் பார்த்து நெரிசலைக் கண்டுபிடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருமே போகாத எஸ்டேட் ரோட்டில் அது எதைப் பார்க்கும்?

ஆனால் இந்தக் கணக்கின் உண்மையான பலன் மழைக்கு முன்னாலேயே கிடைக்கிறது. மே மாதமே உட்கார்ந்து, ஒவ்வொரு ரோடாக வெட்டிப் பார்ப்போம். இந்தக் கோடு போனால் எந்தெந்த ஊர் தனித்துப் போகும்? ஒரே கோட்டில் தொங்கும் ஊர்கள் தெரிந்துவிடும். கணக்குக்காரர்கள் அப்படிப்பட்ட கோட்டுக்கே "பாலம்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் அபாயப் பகுதி என்று குறித்துள்ள 283 இடங்களையும் மேலே போட்டுப் பார்த்தால், "வழி இல்லை" என்று எங்கே பதில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த ஊர்களுக்கு மழைக்கு முன்பே ஒரு மாத இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, அரிசி போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்த்துவிட்டால் அடைபட்ட நாளில் அங்கே வண்டி அனுப்பும் பிரச்சினையே இல்லை.

எந்தப் பக்கம் எப்போது என்பதும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் திரும்பும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததும், மலையே சரிந்து வீடுகளோடு ஆட்களைக் கொண்டுபோனதும் இங்கே யாருக்கும் மறக்காது. அதனால் ஜூனில் சாமான் இருக்க வேண்டிய கிடங்கு ஒன்று, அக்டோபரில் வேறு ஒன்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2020-லிருந்து நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு கொடுக்கிறது. அது வந்த நாளில் குறித்த பகுதி ரோடுகளின் நிமிடங்களை ஏற்றிவிடுவோம்.

கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்போ உங்க லேப்டாப் என்ன பண்ணும்?

மாவட்டம் முழுதின் ரோடு வரைபடமும் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது, இன்டர்நெட் வேண்டாம். பேட்டரி போகும் முன் எல்லா வழிகளையும் தாளில் எடுத்துவிடுவோம். ஒவ்வொரு டிரைவர் கையிலும் ஒரு தாள், அதில் ஊர் வரிசை, நேரம், இந்த ரோடு இல்லாவிட்டால் அடுத்தது எது என்று ஒரு வரி. டவர் இல்லாத இடத்தில் வண்டி எதிரெதிரே சந்திக்கும்போது டிரைவர்கள் சேதி மாற்றிக்கொள்வார்கள். பழைய காலத்து முறை. இன்னும் அதை வெல்ல எதுவும் வரவில்லை.

"மேல் டிவிஷன் லயன், பெரிய பலா மரத்துக்குப் பக்கம்"னு சொன்னா மேப்புல எங்கே தேடறது?

பாதி நேரம் இதில்தான் போகிறது. இங்கே கதவு எண் சொல்லி யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. ஒரே பெயரில் இரண்டு ஹட்டி (படுகர் ஊர்) இருக்கும். எஸ்டேட் பெயர் கம்பெனி கை மாறும்போது மாறிவிடும், ஆனால் ஜனங்கள் பழைய துரை காலத்துப் பெயரையே சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் வாயில் உள்ள எல்லாப் பெயரையும் சேர்த்துப் பட்டியல் போட்டோம். அஞ்சல்காரரும் கேஸ் சிலிண்டர் போடும் பையனும் அதில் பாதியை நிரப்பிக் கொடுத்தார்கள்.

வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பினால் நல்லது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து அனுப்புங்கள். டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அனுப்பினால் வண்டி அந்த மேட்டுக்குத்தான் வரும். வந்திருக்கிறது.

டிரைவர் ஒரு வழி சொல்றார், கம்ப்யூட்டர் வேற வழி சொல்லுது. யார் பேச்சைக் கேக்கறது?

டிரைவர் பேச்சை. இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒரு ராத்திரி, கணக்குப்படி ஒரு எஸ்டேட் வழியாகப் போனால் இருபத்தைந்து நிமிடம் மிச்சம். டிரைவர் அண்ணன் "அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி" என்றார். நான் திரையைக் காட்டி அனுப்பினேன். எஸ்டேட் கேட் ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம், சாவி எஸ்டேட் கண்டக்டர் (தோட்ட மேற்பார்வையாளர்) வீட்டில், அவர் ஊரில் இல்லை. ஜீப்பைத் திருப்பவும் இடமில்லாமல் முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தார். மிச்சமாக வேண்டிய இருபத்தைந்துக்குப் பதில் ஒரு மணி நேரம் போனது. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது விதி இது: டிரைவர் மறுத்தால் மறுத்ததுதான். ஆனால் காரணத்தை ஒரு வரி சொல்ல வேண்டும். "கேட் பூட்டு, எட்டு மணிக்கு மேல்", "சிறுபாலம் இறங்கியிருக்கு", "மழை பெஞ்சா அந்த வளைவுல களிமண்". அந்த வரி வரைபடத்தில் ஏறிவிடும், அடுத்த தடவை கம்ப்யூட்டரே அந்தப் பக்கம் அனுப்பாது.

பாதி வழி போன பிறகு புதுசா ஒரு அவசரம் வந்தா, வண்டியைத் திருப்பிருவீங்களா?

அவசரம் உண்மையானால் திருப்புவோம். அஞ்சு நிமிஷம் மிச்சம் என்பதற்காகத் திருப்ப மாட்டோம். ஒவ்வொரு போனுக்கும் வரிசையை மாற்றினால் டிரைவர் இரண்டாவது தடவையிலேயே போனை எடுப்பதை நிறுத்திவிடுவார். அடுத்து போக வேண்டிய ஊர் மாறாது, அதற்குப் பிந்தியவைதான் மாறலாம் என்று வைத்திருக்கிறோம்.

யானை நின்னா?

நிற்க வேண்டியதுதான். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார் பக்கம் போகும் வண்டிகளுக்கு நேரத்தைக் கூட்டிப் போடுகிறோம். அதற்கு மேல் இதில் கணக்கு ஒன்றும் இல்லை.

சீசன்ல ஒன்வே, இ-பாஸ், ராத்திரியில காட்டு ரோடு அடைப்பு. இதெல்லாம் கணக்குல இருக்கா?

இருக்கிறது. கோடை சீசனில் குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறங்க வேண்டும் என்று போலீஸ் மாற்றும்போது, அந்தக் கோடுகளுக்கு ஒரு திசையை மட்டும் வைப்போம். 2024 மே முதல் உள்ள இ-பாஸ் வெளியூர் வண்டிகளுக்கானது, ஆனால் கோவையிலிருந்து உதவிக்கு வரும் தனியார் வண்டி அதை எடுத்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, சாமான் வண்டிக்கு இல்லை. ஒரே கோடுதான், ஆனால் வண்டியைப் பொறுத்து, மணியைப் பொறுத்து இருக்கும், இல்லாமலும் போகும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஒன்று கேட்பார்கள்: மாவட்ட எல்லையோடு மேப்பை வெட்டிவிட்டீர்களா என்று. முதலில் வெட்டித்தான் இருந்தோம். அவர்களுக்கு சுல்தான் பத்தேரி ஊட்டியை விடப் பக்கம், நாடுகாணி இறங்கினால் கேரளத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள். நோய்க்கு மாநில எல்லை தெரியாது என்று ஒரு நர்ஸ் அக்கா சொன்ன பிறகு வயநாடு, மலப்புரம் ரோடுகளையும் சேர்த்தோம்.

இப்போதான் ஏஐ வந்துருச்சே, அதுகிட்டக் கேட்டா போதாதா?

அரட்டை அடிக்கும் ஏஐயிடம் "மஞ்சூரிலிருந்து இந்த ஊருக்கு வழி சொல்லு" என்றால் கூச்சமே இல்லாமல் இல்லாத ரோட்டையும் சொல்லும். அது வார்த்தைகளைக் கோக்கிற யந்திரம். மேலே சொன்ன கணக்கு வேறு வகை: கொடுத்த ஒவ்வொரு நிபந்தனையையும் சரிபார்க்கும், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லும். ஒரு நல்ல உபயோகம் உண்டு. பதற்றத்தில் வரும் குரல் செய்தியை எழுத்தாக மாற்றித் தர அதை வைத்துக்கொள்ளலாம், ஊர்ப் பெயரை மட்டும் மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

எங்க பஞ்சாயத்துலயும் இதைப் பண்ணணும். எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்குச் செலவில்லை. வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2004-லிருந்து ஜனங்களே வரைவது. வழிக்கு ஓஎஸ்ஆர்எம், வண்டி ஒதுக்க வ்ரூம் அல்லது ஓஆர்-டூல்ஸ். எல்லாம் இலவசம், பழைய லேப்டாப் போதும். கம்ப்யூட்டர் படித்த ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் ஓட்டிவிடும்.

செலவு அதற்குப் பிறகு. யார் கேட் சாவியைத் தேடிப் போவது, யார் ஒவ்வொரு சிறுபாலத்திலும் எந்த வண்டி ஏறும் என்று பார்ப்பது, யார் அக்டோபர் ராத்திரி போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது? அதற்கு மூன்று நாலு பேர் கிடைத்தால் ஆரம்பியுங்கள். கிடைக்காவிட்டால் தாளில் ஊர்ப் பட்டியல் மட்டும் போட்டு வையுங்கள், அதுவே பெரிய உதவி.

போன வாரம் நான் ஒரு குறுக்கு ரோடு சொன்னேனே, மேப்புல ஏத்திட்டீங்களா?

ஏற்றியாயிற்று அண்ணா. ஜீப்புக்கு மட்டும், பகலில் மட்டும், மழை பெய்த மறுநாள் உங்களைக் கேட்டுவிட்டு என்று போட்டிருக்கிறேன். கீழ்முனையில் உள்ள கேட்டின் சாவி யாரிடம் என்று நீங்கள் சொல்லவில்லை.